நீலம் போன பிறகு

மழையில் பிறந்தவள் என்பதால் புலெங் என்று பெயர்.
பிழைப்பு வெயிலோடு.

காலை எட்டு மணி. மசேரு.
ஜீன்ஸ் ஆலையின் பின்சுவரில்
இருமி இருமித் துப்புகிறது குழாய்.
கண்ணைப் பறிக்கும் நீலம்.
கேனில் பிடித்துத் தகரக் கூரைமேல் ஏற்றுகிறேன்.
அங்கே வரிசையாய்ப் படுத்திருக்கின்றன
என் கண்ணாடித் தட்டுகள்,
அடியில் ஒரு பொடியின் பூச்சோடு.
டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது.
சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்ட்டில் இருப்பதுதான்,
ஆனால் ஒரு தலைமயிரை மூவாயிரமாய் வகிர்ந்தால்
வரும் பருமன்.

இருட்டில் அது சோம்பேறி.
சாயத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு
சும்மா நிற்கும்.
அதையே வெற்றி என்று எண்ணி
முதல் மாதம் முழுக்க ஏமாந்தேன்.
இப்போது அரைமணி நேரம் கறுப்புத் துணியால் மூடிவைத்து
ஒட்டியது எவ்வளவு, உடைந்தது எவ்வளவு,
தனித்தனிக் கணக்கு.

பிறகு துணியை விலக்குவேன்.
மலைநாட்டு வெயில், கலப்படம் இல்லாதது.
ஓர் எலக்ட்ரான் திடுக்கிட்டு
இருக்கையை விட்டு எழும்.
காலியான இடத்துக்குப் பசி.
அது பக்கத்து நீரைக் கடிக்க
கடிபட்ட நீர் சாயத்தைக் கடிக்கும்.
நொடியை நூறு கோடியாய் நறுக்கினால்
அதில் சில துண்டுதான் அதற்கு ஆயுள்,
அதற்குள் அவ்வளவு கோபம்.

நாற்பதாவது நிமிடம்
தட்டு வழியே என் கைரேகை தெரிந்தது.

மேலாளர் குவோ ஏணியில் ஏறி வந்தார்.
தட்டைத் தூக்கி வானத்துக்குக் காட்டினார்.
ஜீன்ஸ் வாங்குகிறவர்களுக்கு அனுப்ப
ஒரு படம், பிறகு என்னையும் சேர்த்து இன்னொன்று.
"நாற்பது நிமிடம் போதும்.
அதற்குமேல் தொட்டி கட்ட இடமில்லை."

அன்று மாலை
அந்தத் தெளிந்த நீரில் இருபது நீர்த்தெள்ளுகளை விட்டேன்.
கடுகில் பாதி உடம்பு,
லென்ஸில் பார்த்தால் உள்ளே இதயம் துடிப்பது தெரியும்.
விடிந்தபோது மூன்று மிச்சம்.
நீல நீரில் விட்ட இருபதில்
பதினொன்று.

மறுபடி செய்தேன். மறுபடியும்.
பூச்சிகளின் மேல் பழி போட்டேன்,
தராசின் மேல்,
தூங்காத என் கைகளின் மேல்.
வெளுத்ததெல்லாம் பால் ஆகவில்லை.
உடைந்த சாயத்தின் துண்டுகள்
நிறத்தைத்தான் இழந்திருந்தன,
பல்லை இழக்கவில்லை.

மொஹோக்காரே ஆற்றங்கரையில் முட்டைக்கோசு போட்டிருக்கும்
மாலிபூசெங்கைக் கேட்டேன்:
எந்த நாளில் தண்ணீர் இறைப்பாய்?
"நீலம் வராத அன்றைக்கு,"
இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தாள்.

அந்த நீலம்தான் அவளுக்கு வேலி.
நான் அதைப் பிடுங்கிவிட்டு
படத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஐந்து மணி நேரம் வேண்டும்.
வெயில் இருந்தால்,
உப்பு குறைவாக இருந்தால்,
தட்டில் வழவழப்புப் படியாமல் இருந்தால்.
ஐந்தாம் மணி நீரில் பத்தொன்பது உயிரோடு.
அந்த ஒன்று ஏன் செத்தது என்று தெரியவில்லை,
தெரியவில்லை என்றே அறிக்கையில் எழுதினேன்.

குவோ இரண்டு முறை படித்தார்.
கண்ணாடியைத் துடைத்தார்.
"படம் ஏற்கெனவே போய்விட்டதே."
யாருடைய சாயம் வெளுத்தது என்று
நான் கேட்கவில்லை. வாயில் வந்தது.

இன்று மேகம்.
இந்த நாட்டில் மழை என்பதே வாழ்த்துச் சொல்,
மேடையில் பேசி முடிக்கிறவர்கள் "மழை!" என்றுதான் முடிப்பார்கள்.
மூடி போட்ட தட்டுகளின் மேல் அது சடசடக்கிறது.
உள்ளே நீலம் அப்படியே.
கீழே வால்வு அருகில் ஆலையின் ஆள் ஒருவன்
நனைந்தபடி கடிகாரம் பார்க்கிறான்.
சாவி என் பையில்.

புலெங், என்று கூப்பிடுகிறான்,
இறங்கி வா.

தட்டு ஒன்றின் மூடியைத் தூக்கிப் பார்க்கிறேன்.
இன்னும் நேரம் இருக்கிறது என்கிறேன்,
எனக்கா மழைக்கா என்று சொல்லாமல்.